கம்பளிக்குள் ஒரு சாஜர்

எங்கள் பக்கத்தில் சூடான ஒரு பொருளைக் கண்டு யாரும் சந்தேகப்படுவதில்லை. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். ஹட்டன் அதைவிடத் தாழ்வான இடம்தான். ஆனாலும் மழை பிடித்துக்கொண்டால் கிழமைக்கணக்கில் உடுப்பு காயாது. தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்ட பிறகுதான் இங்கே ஆட்கள் பேசத் தொடங்குவார்கள். அப்படிப்பட்ட ஊரில் மடிக்கணினியின் சாஜர் சூடாகிறது என்றால் அது குறையாகத் தெரியாது, இலவசமாகக் கிடைத்த கணப்பாகத்தான் தெரியும்.

டியூஷன் வகுப்பில் ஒரு நாள் சும்மா விசாரித்துப் பார்த்தேன். மடிக்கணினி வைத்திருக்கும் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் இரவில் படிக்கும்போது சாஜரைக் கம்பளிக்குள் இழுத்துப் பாதத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்களாம். ஒருத்தியின் வீட்டுப் பூனைக்கு அதுதான் படுக்கை. "நல்லா இளஞ்சூடா இருக்குமே, அதுல என்ன?" என்று கேட்டாள்.

அதில் என்ன என்பதை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வசதி இருந்தது. ஹட்டன் நகரில் என் சாச்சாவுக்குத் தொலைபேசியும் மடிக்கணினியும் திருத்தும் சிறு கடை இருக்கிறது. சனிக்கிழமைகளில் வகுப்பு முடிந்து பஸ் வரும்வரை நான் அங்கேதான் இருப்பேன். மேசைக்கு அடியில் ஒரு பிஸ்கட் தகரம் நிறையச் செத்துப்போன சாஜர்கள். அவற்றைச் சாச்சா எறிவதில்லை. வயருக்கும் முனைக்கும் பயன்படும் என்பார். உண்மையில் அவருக்கு எதையும் எறிய மனம் வராது.

இந்தச் சாஜர்கள் எங்கள் மலைக்கு எப்படி வந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடம் கைத்தொலைபேசிக்குள் போனது. சிக்னல் தேடித் தேயிலை மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடிக்கணினிகள் வந்தன. வந்தவற்றில் பெரும்பாலானவை பழையவை. கொழும்பில் ஓர் அலுவலகத்தில் நாலைந்து வருடம் உழைத்துக் களைத்தவை. பற்றரி முக்கால்வாசி போயிருக்கும். 2022இல் மின்வெட்டு வந்தது. மார்ச் மாத இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம்வரை கரண்ட் இல்லாமல் இருந்தோம். கரண்ட் வரும் கொஞ்ச நேரத்தில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொருகும் பழக்கம் அப்போதுதான் வீடுகளில் ஊறியது. மின்வெட்டு நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. பற்றரி செத்த மடிக்கணினிக்குச் சாஜர்தான் உயிர். சொருகினால் வேலை செய்யும், கழற்றினால் அணைந்துவிடும். ஆகவே அது நாள் முழுக்கச் சுவரிலேயே தொங்கும்.

சாஜர் என்று எல்லோரும் சொன்னாலும் அந்தக் கறுப்புப் பெட்டி எதையும் சார்ஜ் செய்வதில்லை. பற்றரிக்கு எவ்வளவு ஏற்றுவது என்பதை மடிக்கணினிக்கு உள்ளே இருக்கும் சுற்றுத்தான் தீர்மானிக்கிறது. பெட்டியின் வேலை ஒன்றே ஒன்று: சுவரிலிருந்து வரும் 230 வோல்ற் ஆடலோட்டத்தை 19, 20 வோல்ற் அளவான நேரோட்டமாக மாற்றிக் கொடுப்பது.

சாச்சா ஒரு பழைய பெட்டியைப் பிளந்து காட்டினார். "வீட்டில இத செஞ்சு பாக்கக் கூடாது மகள். கழற்றி வெச்ச பிறகும் உள்ளுக்குக் கரண்ட் தங்கி நிக்கும்" என்றார். அது எப்படி என்று பௌதிகவியல் படிக்கிறவர்களுக்கு விளங்கும். 230 என்பது சராசரி மாதிரியான ஓர் எண். அதன் உச்சம் 325 வோல்ற் அளவில் வரும். உள்ளே நுழைந்ததும் நான்கு இருவாயிகள் அதைச் சீராக்கி ஒரு கொள்ளளவியில் நிரப்புகின்றன. அதன்பின் ஒரு திரான்சிற்றர் அதைச் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி ஒரு குட்டி நிலைமாற்றிக்கு அனுப்புகிறது. அவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் நிலைமாற்றி தீப்பெட்டி அளவில் இருக்கிறது. சுவரில் வருகிற 50 ஹேர்ட்சிலேயே அதை இயக்கினால், பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்ததைப் போல இரும்புக் கட்டியாக ஒன்று வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போக முடியாது.

இத்தனை மாற்றத்திலும் கொஞ்சம் சிந்தத்தான் செய்யும். சாதாரணமான 65 வாற்று சாஜர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதுகில் 19.5 வோல்ற், 3.33 அம்பியர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65. நல்ல சாஜரின் வினைத்திறன் நூற்றுக்கு 88 அளவில் இருக்கும். அப்படியானால் 65 வாற்று வெளியே கொடுக்க அது சுவரிலிருந்து 74 வாற்று எடுக்கிறது. மீதி 9 வாற்று எங்கே போகிறது? அதுதான் பாதத்துக்கு அடியில் கிடைக்கும் இளஞ்சூடு. முழுவதும் நல்ல நிலையில், முழு வேலை செய்துகொண்டிருக்கும் சாஜர் சூடாகத்தான் வேண்டும். குளிர்ந்து கிடந்தால் அது ஒன்றும் செய்யவில்லை என்று அர்த்தம்.

9 வாற்று என்பது எங்கள் வரவேற்பறை எல்.இ.டி. குமிழின் அளவுதான். மேசையில் திறந்த காற்றில் இருந்தால் வரவர ஆறிக்கொண்டே இருக்கும், ஓர் அளவுக்கு மேல் ஏறாது. கம்பளிக்குள் வைத்தால் அதே 9 வாற்றுக்கு வெளியேற வழியில்லை. உள்ளே இருக்கும் கொள்ளளவிதான் முதலில் வேகும். அதன் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை செல்சியசுக்கும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும் என்பது இலத்திரனியல் பொறியியலாளர்களின் கணக்கு. அதாவது ஐந்து வருடம் வரவேண்டிய சாஜர் ஒரு குளிர்காலத்தோடு முடிந்துவிடலாம். பிறகு வாங்குவது, ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பெயர் தெரியாத கம்பனியின் மலிவுச் சாஜர். உண்மையான சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

சாச்சா இரண்டையும் என் இரண்டு கைகளிலும் வைத்தார். தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று மட்டும் பஞ்சு போல இருந்தது. பாரத்தில் குறைந்தது என்னவென்றால், வெப்பத்தைப் பரப்பும் உலோகத் தகடு, உருகி, சுவரின் 230 வோல்ற்றையும் மடியின் 19.5 வோல்ற்றையும் பிரித்து வைக்கும் காவலி. எல்லா மலிவுச் சாஜரும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் கையில் வாங்கும்போது பாரம் பார்ப்பது, விலை பேசுவதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் பார்க்க வேண்டும். வோல்ற்றளவு மடிக்கணினியோடு பொருந்த வேண்டும். அம்பியர் கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, குறைவாக இருக்கக் கூடாது. 65 வாற்று கேட்கும் கணினிக்கு 45 வாற்று சாஜரை மாட்டினால், ஐம்பது கிலோ மூட்டையைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றியது மாதிரி. கொஞ்ச தூரம் நடக்கும்.

சூடு பெட்டியில் இருப்பது ஒரு விஷயம், வயரில் இருப்பது வேறு விஷயம். பெரிய கம்பனிகளே இதில் வழுக்கியிருக்கின்றன. 2014 ஓகஸ்ட்டில் எச்.பி. நிறுவனம் மடிக்கணினிகளோடு கொடுத்த மின்வயர்களைத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் மட்டும் 56 இலட்சம் அளவில். வயரின் முனையில் எல்.எஸ்.-15 என்று வார்த்திருக்கும். அவை அதிகம் சூடாகி உருகியதாகவும் கருகியதாகவும் 29 முறைப்பாடுகள் வந்திருந்தன. 2016 ஜனவரியில் மைக்ரோசொப்ட் நிறுவனமும் சர்ஃபேஸ் புரோ கணினிகளின் மின்வயரைத் திருப்பி அழைத்தது. இறுக்கிச் சுற்றியும் முறுக்கியும் நசுக்கியும் வைத்திருந்தால் நாளடைவில் பழுதாகிச் சூடேறலாம் என்றது. இரண்டிலும் குற்றவாளி அந்தப் பெட்டி அல்ல. சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் சாதாரண வயர், யாரும் திரும்பிப் பார்க்காத வயர்.

கடைக்கு வரும் சாஜர்களில் பெரும்பாலும் கருகியிருப்பது மற்றப் பக்கத்து வயர்தான். கணினிக்குள் சொருகும் முனைக்கு ஓர் அங்குலம் பின்னால், கழுத்து மாதிரியான இடத்தில். மடியில் வைத்துப் படிக்கும்போது அந்த இடம்தான் மடங்கி மடங்கி நிமிர்கிறது. உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள் பல இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக அறுகின்றன. மிச்சம் உள்ள நாலைந்து இழைகளுக்குள்ளால் 3.33 அம்பியரும் போக வேண்டும். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம் என்று படித்தோம் அல்லவா? 3.33இன் வர்க்கம் 11. அந்த இடத்தில் தடை அரை ஓம் ஆனாலே ஐந்தரை வாற்று வெப்பம், அதுவும் ஒரு கொண்டைக் கடலை அளவு இடத்தில். ரப்பர் உருகும். பரீட்சைத் தாளில் ஐந்து புள்ளிக்கு எழுதிவிட்டு மறந்துவிடும் சமன்பாடு, இங்கே கருகிய மணத்தோடு வருகிறது. முனையை ஆட்டினால் சார்ஜ் விட்டு விட்டு வருகிறதென்றால் அந்த வயரின் காலம் முடிந்துவிட்டது. டேப் சுற்றுவது மருந்தல்ல. சுற்றிய டேப்புக்கு உள்ளேதான் சூடு இன்னும் பத்திரமாக இருக்கும்.

இதையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் என் சிநேகிதி, "எங்க வீட்டுல சாஜர் சுடல, பிளக்குதான் சுடுது" என்றாள்.

அவள் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருக்கிறாள். தொழினுட்பப் பிரிவு. செயற்றிட்ட அறிக்கை முழுவதும் கணினியில்தான் செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாச்சாவையும் சாச்சியையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். லயத்தின் இஸ்தோப்பில் நின்று பார்த்தால் காசல்ரீ நீர்த்தேக்கம் தெரிகிறது. அந்த நீரில் இயங்கும் மின்நிலையம் 1965இல் தொடங்கியது. அதற்குப் பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மலைகளின் ஆறுகளில் நாட்டுக்கே மின்சாரம் இருக்கிறது என்று 1918இலேயே ஆய்வுக்கட்டுரை வாசித்த மனிதர் அவர். 1950இல் லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கம்பிகள் தேயிலைக்கு மேலால் கொழும்புக்குப் போயின. கீழே லயங்களில் குப்பி விளக்கு எரிந்தது. லயக் காம்பராவுக்குக் கரண்ட் வந்தது எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு என்பதை அவளுடைய அப்பாயி சொல்லக் கேட்டேன்.

வந்த கரண்ட் ஒரு குமிழுக்கும் ஒரு வானொலிக்கும் போதுமான அளவில் வந்தது. காம்பராவில் ஒரே ஒரு பிளக் பேஸ். மூன்று உருண்டைக் கால் போகும் பழைய வகை. அதில் ஒரு மல்டி பிளக். அந்த மல்டி பிளக்கில் சோற்றுப் பானை, கெட்டில், தொலைக்காட்சி, தொலைபேசி, கடைசியாக மடிக்கணினி. பிளக் பேஸைச் சுற்றிச் சுவரில் தேநீர் சிந்தியது போல மண்ணிறக் கறை.

சாஜருக்கு இதில் பங்கு மிகவும் குறைவு. சுவரிலிருந்து அது எடுப்பது ஓர் அம்பியருக்கும் குறைவு. 1800 வாற்று கெட்டில் ஏறத்தாழ 8 அம்பியர் இழுக்கும். அந்தப் பழைய வகையோ 5 அம்பியருக்கென்று செய்தது. கெட்டில் போட்ட ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு சூடாகித் தளர்கிறது. தளர்ந்த நாக்கு இன்னும் சூடாகிறது. இரவு பதினொரு மணிக்கு அவள் படிக்க உட்காரும்போது கையில் படுவது, பகல் முழுக்கக் கெட்டில் செய்து வைத்த வேலை. ஆனால் அந்த நேரத்தில் சொருகி இருப்பது சாஜர் என்பதால் பழி அதற்குத்தான். "இந்தக் கம்ப்யூட்டர் வந்த பொறகுதான் பிளக் சுடுது" என்று வீட்டில் ஒரு பேச்சும் இருந்திருக்கிறது. படிப்பை நிறுத்தச் சொல்லும் பேச்சாக அது மாறிவிடுமோ என்பதுதான் அவளுடைய பயம். எங்களை வரச் சொன்னதே அதற்காகத்தான்.

கணினியின் உலோக உடம்பில் உள்ளங்கையை வைத்தால் எறும்பு ஊர்வது போலக் கூசுகிறது என்றும் சொன்னாள். புவித்தொடுப்பு இல்லாத இடத்தில் அப்படித்தான் இருக்கும். சாஜருக்குள் இருக்கும் வடிகட்டியிலிருந்து மிகச் சிறிய ஓட்டம் ஒன்று நிலத்துக்குப் போக வழி தேடும். வழி இல்லாவிட்டால் எங்கள் கைக்குள்ளால் போகும். அந்த ஓட்டம் ஆளைக் கொல்லாது. ஆனால் மூன்றாவது கால் பெயருக்குத்தான் இருக்கிறது என்ற செய்தியை அது சொல்கிறது. நகரத்து வீடுகளிலும் இதே கதைதான். இப்போதைய சதுரக் கால் பிளக் பேஸில் இரண்டு கால் பிளக்கைச் சொருக, மேல் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தித் திறக்கிறோமே, அப்போது நாங்களாகவே புவித்தொடுப்பை வேண்டாம் என்று சொல்கிறோம். கால்களும் இறுக்கமாக உட்காராது. தளர்ந்து நிற்கும் இடமெல்லாம் பொறி பறக்கும் இடம்.

அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கிறவர். சாச்சா வினைத்திறன், காற்றோட்டம் என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கம்பளிக்குள் சாஜரை வைக்கும் கதை வந்ததும் சிரித்துவிட்டார். "அட, சாக்குல அமுக்குன கொழுந்து மாதிரின்னு சொல்லுங்க நானா!" என்றார்.

எடுத்த கொழுந்தைச் சாக்கில் இறுக்கி அமுக்கி வெயிலில் விட்டால் உள்ளுக்குள் சூடேறிச் சிவந்துபோகும். மடுவத்தில் அந்தக் கொழுந்தைத் தள்ளிவிடுவார்கள். அதனால்தான் தொழிற்சாலையில் கொழுந்தைப் பரப்பிக் காற்று விடுகிறார்கள். இலை தானாகத் தரும் சூடு சிறியதுதான், போக வழியில்லாதபோதுதான் அது கெடுக்கிறது. எங்கள் இருவருக்கும் அரை மணித்தியாலம் எடுத்ததை அவர் ஒரு வசனத்தில் முடித்தார். சாச்சா இப்போது கடையில் எல்லோருக்கும் இதைத்தான் சொல்கிறார், தன்னுடைய கண்டுபிடிப்பு போல.

விளக்கம் எளிது. திருத்துவதுதான் எளிதாக இல்லை. புதிய 13 அம்பியர் பிளக் பேஸ் ஒன்றைச் சாச்சா கையோடு கொண்டு போயிருந்தார். பழையதைக் கழற்றியபோது பின்னால் இருந்த வயர் நூல் மாதிரி மெல்லியது, காவலி நொறுங்கிக் கையில் வந்தது. நல்ல பிளக் பேஸை அந்த வயரில் பூட்டினால் சூடு சுவருக்குள் போய் உட்காரும், கண்ணுக்கும் தெரியாது. ஆகவே அவர் பூட்டவில்லை. பழையதை இறுக்கிக் கட்டி, கெட்டிலை இதில் போடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். காம்பராவின் வயரை முழுவதும் மாற்ற வேண்டும். அந்த வயர் பக்கத்துக் காம்பராவிலிருந்து வருகிறது, அது அதற்கும் பக்கத்திலிருந்து. கூரையும் அப்படித்தான், லயம் முழுவதற்கும் ஒரே முகடு. ஒரு காம்பராவில் பிடித்த தீ வரிசையாக எல்லாவற்றையும் கொண்டுபோன செய்திகள் எங்கள் பிரதேசத்தில் புதிதல்ல. மின்னொழுக்கு என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுவார்கள். அந்த மின்னொழுக்குக்கு முன்னால் எத்தனை மாதம் ஒரு பிளக் சுட்டுக்கொண்டிருந்தது என்பது செய்தியில் வராது.

வயர் யாருடையது என்று கேட்டால் பதில் இழுபடுகிறது. அவர்கள் நாலு தலைமுறையாக இருக்கும் வீடு, ஆனால் உறுதி இல்லை. சுவரில் கைவைக்கத் தோட்டத்தைக் கேட்க வேண்டும். அவளுடைய அப்பா கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்றார்களாம்.

எழுதிக் கொடுத்தோம். சும்மா கடிதமாக எழுதாமல், லயத்தில் வீடு வீடாகப் போய் ஓர் அட்டவணை செய்தாள் சிநேகிதி. கெட்டில் கொதித்து முடிந்ததும் சுவிட்சை அணைத்து, பிளக்கின் முதுகைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது. புறங்கை தாங்கினால் ஒரு அடையாளம், தாங்காமல் இழுத்துக்கொண்டால் வேறு அடையாளம். கறை இருக்கிறதா, மணம் வருகிறதா, எந்த வகைப் பிளக் பேஸ், மல்டி பிளக்கில் எத்தனை. பத்து வீடுகளில் ஆறில் கையை இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முதலில் "பரீட்சைக்கா புள்ள?" என்று கேட்டவர்கள், இரண்டாம் நாள் தாங்களாகவே கூப்பிட்டுக் காட்டினார்கள். ஒரு பாட்டி மட்டும் தன் வீட்டில் எதையும் தொட விடவில்லை. கரண்டைத் தொடுகிற பொம்பளைப் பிள்ளையை அவர் பார்த்ததே இல்லையாம்.

அட்டவணையோடு கடிதம் போய் ஏழு கிழமை ஆகிறது. பார்த்துப் போக ஓர் ஆள் வந்தார், அளந்தார், போனார். அவர்கள் வீட்டில் கெட்டில் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. தண்ணீர் விறகடுப்பில் கொதிக்கிறது. பிளக் இப்போது சுடுவதில்லை என்கிறாள். மடிக்கணினியின் பற்றரியைச் சாச்சா மாற்றிக் கொடுத்தார். காசைத் தவணையாகத் தரச் சொல்லியிருக்கிறார். ஒரு தடவை ஏற்றினால் மூன்று மணித்தியாலம் தாங்குகிறது. வகுப்பு நாட்களில் கடை மேசையில், அந்தப் பிஸ்கட் தகரத்துக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றிக்கொண்டு போகிறாள். செயற்றிட்ட அறிக்கையில் இன்னும் இரண்டு அத்தியாயம் மிச்சம் இருக்கிறது.